இலந்தைப்பழ பீர்

— கதவச் சாத்துங்க மொதல்ல. மெஹராஜ் அக்கா தண்ணி பிடிக்க வார நேரம்.

— சாத்தியாச்சு லதா. இந்தா, டம்ளரப் பிடி.

— எனக்கெதுக்கு? சங்கதியச் சொல்லுங்க. சாதனா மேடம் குடிச்சாவளா?

— குடிச்சாவ.

— குடிச்சிட்டு?

— டம்ளரக் கீழ வச்சாவ.

— ஏன் இப்படி உசுர வாங்குதிய… காலையில இருந்து ஒரு வாய் சோறு எறங்கல எனக்கு. வேல இருக்கா, போச்சா? அத மட்டும் சொல்லுங்க.

— நீ ஒரு வாய் குடி. அப்புறம் சொல்லுதேன்.

— கட்டுன பொண்டாட்டிய பீரு குடிக்கச் சொல்லுத ஆள இந்த தாராவியிலயே இப்பத்தான் பாக்கேன்.

— மெதுவாப் பேசு. உங்க அப்பாவப் பொறுத்தவரைக்கும் நான் இன்னும் சோடா கம்பெனியிலதான் வேல பாக்கேன்.

— அந்தப் பொய்யும் நான் சொன்னதுதான். உங்களுக்காகச் சொன்னது.

— சோடாவும் நுரைக்கும், இதுவும் நுரைக்கும். பெரிய பொய்யெல்லாம் இல்ல.

— சிரிக்காதிய. மருந்து கம்பெனி லேப் வேலய விட்டுட்டு குர்லா பீரு ஷெட்டுக்குப் போறேன்னு நின்னிய. எங்க வீட்டுல ஒருத்தர் விடாம என்னத்தான் கேட்டாவ. மைக்ரோபயாலஜி படிச்ச மாப்பிள்ளைக்குப் புத்தி கெட்டுப் போச்சான்னு. நாந்தான் உங்களுக்கு வக்கீலு.

— அரே, தெரியாமயா இருக்கேன்.

— பின்ன சொல்லுங்க. மேடம் என்ன சொல்லி டாங்கிய உங்க கையில குடுத்தாவ? "மாரிக்கண்ணன், கடையில விக்கித ஈஸ்ட்டு வேண்டாம், காட்டு ஈஸ்ட்டப் பிடிச்சு பீரு போட்டுக் காட்டுங்க. நல்லா வந்தா இனிமே இங்க நீங்கதான். வரலன்னா வேற எடம் பாத்துக்கோங்க." இதானே?

— ஒரு எழுத்து விடாம வச்சிருக்க.

— தூங்குனாத்தானே மறக்கும்.

— சரி, சொல்லுதேன். நீ மோந்து பாரு, போதும். குடிக்கக்கூட வேண்டாம்.

— …கொண்டாங்க.

— டம்ளர ஒரு சுத்து சுத்து. ம். இப்ப மோந்து பாரு. என்ன வாசன வருது?

— கொய்யாப்பழம்.

— சபாஷ். செம்பூர்ல இருந்து பார்காரன் ஒருத்தன் வந்திருந்தான், யாசர்னு. அவனும் இதத்தான் சொன்னான். இன்னும்?

— எலுமிச்சத் தோலு… நெறம் நல்லாத்தான் இருக்கு. கோதும நெறம்.

— அதான் பேல் ஏல்ங்கித பீரு. கறுப்பா, கெட்டியா இருக்காது. ஒரு வாய் உறிஞ்சிப் பாரேன்.

— கசக்குமா?

— கொஞ்சம். ஹாப்ஸ்னு ஒரு பூவு போடுவோம், அந்தக் கசப்பு.

— என்னென்ன பண்ண வைக்கிய மனுசன… சரி, குடிக்கேன். அங்கிட்டுத் திரும்புங்க, பாக்காதிய.

— திரும்பியாச்சு.

— ம்க்கும்…

— ஏட்டி, துப்பிராத. அவ்வளவு மோசமாவா இருக்கு?

— இல்ல… நல்லாத்தான் இருக்கு. மொதல்ல கசக்கு. அப்புறம் ஒரு புளிப்பு வருது… தொண்டையில நிக்கி.

— அந்தப் புளிப்புதான் லதா. அதுலதான் மேடம் விழுந்தாவ. டம்ளரக் கீழ வச்சாவன்னேன்ல? அப்புறம் திரும்ப எடுத்து முழுசாக் குடிச்சாவ. யாசர் இன்னும் ஊத்துன்னு டம்ளர நீட்டுதான். மேடம் கையப் பிடிச்சு, அடுத்த டாங்கியும் உங்களுக்குத்தான், இனிமே இங்க நீங்கதான்னுட்டாவ.

— …நெசமாவா?

— நெசமா. வேல நெலச்சிருச்சு. பஸ், அவ்வளவுதான், இனிமே டென்ஷன் கெடயாது.

— அப்பாடா… ஐயப்பா… மாரியாத்தா…

— எல்லாரையும் கூப்பிடுதியே. ஏட்டி, அழுதியா? லதா, ஏன் இப்படித் தேம்பித் தேம்பி அழுத?

— அழட்டும், விடுங்க. பனிக்காலத்துல இருந்து நெஞ்சுல ஒரு அம்மிக்கல்லு கிடந்துச்சு. இப்பத்தான் எறங்குது.

— நீயும் இவ்வளவு பயந்தியா? வெளிய காட்டிக்கிடவே இல்லையே.

— உங்கள விடப் பயந்தேன்.

— பயந்து என்ன? மஸ்த்தா வந்துருச்சுல்லா. ஈஸ்ட்டு பிடிக்க இலந்தைப்பழம் ஊறப்போட்ட தூக்குச்சட்டியக் கொண்டுபோய் ஷெட்ல தொறந்த அன்னைக்கு நீ பாத்திருக்கணும். மூடியத் தள்ளிக்கிட்டு நுர நிக்கி. கலங்கலா, பாலு மாதிரி. எனக்கே நம்ப முடியல, மேடமே ஆடிப் போயிட்டாவ. ட்ராம்பேயில பறிச்ச இலந்தைப்பழத் தோலுல இவ்வளவு வீரியமான்னு கேட்டாவ.

— …இலந்தைப்பழம்னா சொன்னாவ?

— பின்ன? பாட்டில்லயே இலந்தைப்பழம் படம் போடப் போறாவளாம். அந்தப் புளிப்பு இலந்தைப்பழத்தோட சொந்தக் கொணமாம். ருசி பாக்க வந்த இன்னொரு ஆளு வெளிநாடெல்லாம் போயி பீரு குடிச்சவன். அவனுக்கே அந்தப் புளிப்புக்கு என்ன பேரு சொல்லன்னு தெரியல.

— படமெல்லாம் போட வேண்டாம்னு சொல்லிருங்க.

— ஏன்?

— வேண்டாம்னா வேண்டாம்.

— பைத்தியமா உனக்கு? என்ன, மூஞ்சி ஒரு மாதிரி போகுது. ஒரு வாய்க்கே ஏறிருச்சா?

— அது இலந்தைப்பழம் இல்ல.

— எது?

— அந்தப் புளிப்பு. குடிச்ச ஒடனே தெரிஞ்சிட்டு எனக்கு. அது நீத்தண்ணி.

— நீத்தண்ணியா?

— நம்ம வீட்டுப் பழைய சோத்துப் பானையில நிக்குமே, அந்தத் தண்ணி. நீங்கதான் அந்தப் பக்கமே வரமாட்டியளே. பாம்பேல பொறந்து பாவு ரொட்டியும் சாயாவும் தின்னு வளந்த ஆளு. உங்களுக்கு எப்படித் தெரியும்?

— இலந்தைப்பழத்துல நீத்தண்ணி ருசி எப்படி வரும்?

— நான் ஊத்துனா வரும்.

— …என்ன சொன்ன?

— இருங்க, சொல்லுதேன். வையாதிய. வையணும்னா முழுசாக் கேட்டுட்டு வையுங்க.

— சொல்லு.

— நீங்க அந்தத் தூக்குச்சட்டிய எங்க வச்சிய? ஷெட்ல வேற ஈஸ்ட்டு கிடக்கு, கலந்துரும், வீட்டுலதான் இருக்கணும்னு அடுப்படியில கொண்டாந்து வச்சிய. அதுவும் பழத்த வடிச்சு எடுத்துட்டு, வாய்க்கு வெள்ளத் துணி கட்டி. பழைய சோத்துப் பானைக்குப் பக்கத்துல. நம்ம ஆளுக வீட்டுல துணி கட்டி ஒரு தூக்கு இருந்தா யாரு என்னன்னு நெனப்பா?

— …யாரு குடிச்சா?

— அப்பா.

— மாமாவா?

— கோவண்டியில இருந்து ராத்திரி தங்க வந்திருந்தாவள்ள, ஞாயித்துக்கெழம பஜனைக்கு. விடியுமுன்ன குளிச்சிட்டு, சரணம் சொல்லிட்டு, நேரா அடுப்படிக்கு வந்திருக்காவ.

— இரு, இரு. அப்ப மாமா ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தாவளே.

— அதத்தானே சொல்ல வாரேன்… கழுத்துல மாலையோட.

— விரதத்துல பழையது தொடக்கூடாதுன்னு உங்க அம்மா அவ்வளவு கண்டிசன் பேசுனாவளே.

— அம்மாவுக்குத் தெரியாம நம்ம வீட்டுக்கு வந்தா ஒரு டம்ளர் குடிக்கது. அவருக்குக் காலையில நீத்தண்ணி இல்லன்னா ஓடாது. நான் எந்திரிச்சுப் பாக்கேன், ஒரு டம்ளர் குடிச்சு முடிச்சு, மிச்சத்தச் சோத்துல ஊத்திப் பிசஞ்சுகிட்டு உக்காந்திருக்காவ. சின்ன உள்ளி வேற உரிச்சு வச்சிக்கிட்டு.

— ஐயோ…

— என்னப் பாத்ததும் திருடன் மாதிரி முழிக்காவ. அம்மாட்ட சொல்லிராத தாயின்னு கெஞ்சுதாவ. நான் எதச் சொல்ல? அப்பா, நீங்க குடிச்சது நீத்தண்ணி இல்ல, பீருக்கு வித்துன்னா சொல்ல முடியும்? மாலையக் கழட்டச் சொல்லணும். மல ஏற முடியாது. சோடா கம்பெனிப் பொய்யும் சந்திக்கு வந்துரும்.

— அதனால?

— சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டேன். தூக்கு காலி. நீங்க உள்ள தூங்குதிய. அந்தத் தூக்கத்தான் உங்க உசுரா வச்சிருக்கியன்னு எனக்குத் தெரியும். கை ஓடல, கால் ஓடல. நீத்தண்ணிய வடிகட்டி அதுல ஊத்திட்டேன். வெள்ளையா இருந்துச்சு. கலரு வரணுமேன்னு ஒரு துண்டு கருப்பட்டியக் கரைச்சு ஊத்தி, துணியக் கட்டி வச்சிட்டேன்.

— கருப்பட்டி போட்டியா?

— தப்புத்தான்.

— ஞாயித்துக்கெழம பூரா அப்படியே இருந்துச்சா?

— திங்கக்கெழம காலையில நீங்க தூக்கிட்டுப் போறவரைக்கும் இருந்துச்சு. வாசல்ல நின்னு சொல்லிரலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. உங்க மூஞ்சியப் பாத்ததும் வரல. மொத நாளு பூரா செவத்தப் பாத்துப் படுத்துக் கிடந்திய. காச்சலான்னு கேட்டேன், இல்லன்னிய.

— ஆமா. படுத்துக் கிடந்தேன்.

— அதுல இருந்து ஒவ்வொரு நாளும் செத்துப் பொழச்சேன். டாங்கி கெட்டுப் போச்சுன்னு எப்ப வந்து நிப்பியன்னு. அப்பாவும் பம்பையில வழுக்கி விழுந்து காலு பெசகிட்டு வந்தாவளா… நம்மாலதான்னு முடிவே பண்ணிட்டேன்.

— ஹஹ்ஹா…

— என்னங்க இது? ஏன் சிரிக்கிய?

— சிரிக்காம என்ன செய்ய? இதெல்லாம் மேடத்துட்ட எப்படிச் சொல்லப் போறேன்னு நெனச்சேன்.

— சொல்லப் போறியளா?

— சொல்லித்தானே ஆகணும். காட்டு ஈஸ்ட்டு கேட்டாவ, காட்டுலயிருந்து வரல, அடுப்படியிலயிருந்து வந்துச்சுன்னு சொல்லணும். பீரு அவியளுக்குப் பிடிச்சிருக்கு, அது மாறாது. எதுக்கும் நாளைக்கு உன் பானையில இருந்து ஒரு சொம்பு குடு.

— வேல போயிராதே?

— போகாது.

— எம்மேல கோவம் வரலயா?

— இல்ல.

— கொஞ்சம் கூடவா? ஒரு வாட்டி ஒங்க மைக்ராஸ்கோப்பு லென்ஸ் தொடைக்கித தாள எடுத்து அடுப்பத் தொடச்சதுக்கு ரெண்டு நாளு பேசாம இருந்த ஆளு நீங்க.

— அது வேற.

— சரி… ஒண்ணே ஒண்ணு கேக்கேன். மறைக்காமச் சொல்லணும். அப்பா குடிச்சது சாராயத்துல சேருமா? மாலையோட குடிச்ச பாவம் அவருக்கு உண்டா? அவரு காலு நொண்டி நடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நெனப்புத்தான்.

— குடிச்சிட்டு மாமா என்ன சொன்னாவ? எப்படி இருக்குன்னு ஏதாவது சொன்னாவளா?

— இன்னைக்கு நீத்தண்ணி இனிக்குதே தாயி, பானகம் மாதிரி இருக்கேன்னாவ.

— புளிப்பே இல்லன்னாவளா?

— புளிப்பே இல்லன்னுதான் ரெண்டாவது உள்ளியக் கடிச்சாவ.

— அப்ப பானகந்தான் குடிச்சிருக்காவ. வெறும் தித்திப்புத் தண்ணி. ஈஸ்ட்டு உசுரோட இருந்தா அந்த இனிப்பத் தின்னுருக்கும், அப்பத்தான் சாராயம் வரும். மாமா விரதம் கெடல. நீ நிம்மதியா இரு.

— சும்மா என் மனசத் தேத்தச் சொல்லுதிய. நீங்கதான் அத நாள் கணக்கா பொத்திப் பொத்தி வச்சிருந்தியளே. உசுரு இல்லன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

— சனிக்கெழமையே ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்புல பாத்துட்டேன் லதா. ஒண்ணும் இல்ல. தண்ணி சூடு ஆறுமுன்ன அவசரப்பட்டுப் பழத்த உள்ள போட்டுட்டேன், எல்லாம் வெந்து செத்துப் போச்சு. இத்தன வருசம் லேப்ல இருந்தவன் பண்ணுத தப்பா அது? உங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு, எனக்காக அவ்வளவு பேருகிட்ட மல்லுக்கு நின்னவ நீ. திங்கக்கெழம அந்தத் தூக்கத் தூக்கிட்டுப் போனது, தொறந்து மேடத்துட்டக் காட்டிட்டு, என்னால ஆகல, நான் வேலய விடுதேன்னு சொல்லத்தான்.