தாமரைக்கு யார் சொந்தம்?

தோழிகளே, இந்த இடத்தில் ஒரு சின்னக் கதை சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

ஏற்காட்டில் ஒரு கல்லூரி. அங்கே தாவரவியல் பேராசிரியை எஸ்தர் ஒரு தோட்டம் போட்டார். சாதாரணத் தோட்டம் இல்லை... ஒரே குடும்பத்துச் செடிகள் ஒரே பாத்தியில்! கத்தரிக்குப் பக்கத்தில் தக்காளி. அவரைக்குப் பக்கத்தில் துவரை. அல்லிக்குப் பக்கத்தில்? தாமரை! இரண்டும் ஒரே தொட்டியில்.

மறுநாள் திறப்பு விழா. பெற்றோரை அழைத்தாகிவிட்டது. பெயர்ப்பலகையும் எழுதியாகிவிட்டது. அப்போது உடன் வேலை பார்க்கும் நஸ்ரின் ஓடி வந்தார்.

“எஸ்தர்க்கா, தாமரை அல்லிக்குச் சொந்தமே இல்லையாம்! மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்துட்டாங்க. அதுக்குச் சொந்தம் யார் தெரியுமா? நம்ம காப்பித் தோட்டத்துல நிக்குதே சில்வர் ஓக் மரம்... அதுதான்!”

“ஏம்மா, காலையில சாப்பிட்டியா இல்லையா? அது மலை மேல ஓங்கி நிக்குது. இது தண்ணியில மிதக்குது!”

“தாமரையும் அல்லியும் தண்ணியிலயே வாழ்ந்து வாழ்ந்து ஒரே சாயலா ஆயிடுச்சுக்கா.”

எஸ்தரின் முகம் வாடிவிட்டது. “அப்ப நான் இத்தனை வருஷமா நடத்தின பாடம்? நாளைக்கு அத்தனை பேர் முன்னாடி என்னன்னு சொல்றது?”

சொல்லுங்கள்... நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? விழா முடியட்டும் என்று விட்டிருப்பீர்கள். நானும்தான்!

எஸ்தர் என்ன செய்தார்? அல்லி, தாமரை, சில்வர் ஓக் மூன்றின் பூவையும் பறித்தார். மகரந்தத்தை நுண்ணோக்கியில் வைத்தார். அல்லியின் தூளில்... வளையமாக ஒரே பிளவு. தாமரையில்... மூன்று! சில்வர் ஓக்கின் தூளிலும் மூன்று திறப்பு!

“இது மட்டும் போதாதுக்கா. முருங்கைக்கும் மூணுதான். ஆனா தாமரை அல்லி பக்கம் இல்லைன்னு தெரியுதில்ல?”

“அடிப்பாவி... கண்ணு முன்னாடியே இருந்திருக்கேடி!” எஸ்தர் சிரித்துவிட்டார்.

மறுநாள் எல்லார் முன்னாலும் பழைய பலகையை அழித்துவிட்டு எழுதினார்: ‘தாமரை. அல்லிக்கு உறவு இல்லை. ஒரே தொட்டியில் குடியிருக்கிறது.’

ஒரு அப்பா எழுந்தார். “அப்போ நாங்க படிச்சது?”

“நானும் அதைத்தாங்க படிச்சேன். வாங்க, நீங்களே வந்து பாருங்க!”

அன்று வரவேற்புரையைக் கேட்க ஆள் இல்லை. நுண்ணோக்கி முன்னால் அப்படி ஒரு வரிசை!

தோழிகளே, தாமரை அன்றும் தாமரைதான், இன்றும் தாமரைதான். அதைப் பற்றி நமக்குத் தெரிந்ததுதான் மாறியது. இது எனக்கு நன்றாகத் தெரியும் என்று நீங்கள் மூடி வைத்திருக்கிற ஏதாவது ஒன்றை இன்று திறந்து பாருங்கள். சரியாக இருந்தால் மகிழ்ச்சி. தவறாக இருந்தால்... ஒன்று புதிதாகத் தெரிந்துகொண்டோமே, அது அதைவிட மகிழ்ச்சி இல்லையா?