வால்மோரின் சுவருக்கு வெளியே

உட்கார இடம் கொடுத்தீர்களே, நன்றி பாதிரியாரே. ஆனால் வெகுநேரம் உட்கார மாட்டேன். ஈரக் காலத்தில் என் முழங்கால் சொன்ன பேச்சு கேட்பதில்லை. நடுநடுவே எழுந்து நடப்பேன், தப்பாக நினைக்க வேண்டாம்.

நான் கோபேர், வால்மோர் கோட்டைக்குத் தலைவன். என் பிரபுவான தியெரி, அரசரோடு சேர்ந்து போருக்குப் போயிருந்த சமயம், அக்டோபரில், அன்செல் பிரபு படையோடு வந்து எங்களை வளைத்துக்கொண்டார். கிராமத்தார் மூட்டை முடிச்சோடு உள்ளே ஓடிவந்தார்கள். அது அவர்கள் உரிமை. அவர்கள் உழுது எங்களுக்குச் சோறு போட வேண்டும், நாங்கள் காக்க வேண்டும். அந்த ஏற்பாட்டை நான் மனதார நம்புகிறவன்.

டிசம்பரில் களஞ்சியத்தில் தரை தெரிய ஆரம்பித்தது. வில் பிடிக்க முடியாதவர்கள் நூற்று நாற்பது பேர்: கிழவர்கள், பெண்கள், பிள்ளைகள். அவர்களும் தின்றால் கோட்டை விழும். விழுந்த கோட்டை யாரைக் காக்கும்?

முற்றத்தில் அவர்களைக் கூட்டினேன். "அன்செல் பிரபு உங்களுக்கு வழி விடுறதா வாக்குக் கொடுத்திருக்கார். ஆத்தைத் தாண்டிப் போயிருங்க" என்றேன்.

மாவு ஆலையில் இருந்த எர்சாந்த் என்ற பெண் மட்டும் நகரவில்லை. "நெசமாத்தானா ஐயா? எங்க ஆலையக் கொளுத்துனதே அந்த ஆளுதான்."

"நான் சொல்றேன்ல. போ."

போனார்கள். எதிரி அம்பு விட்டுத் திருப்பினான். அவர்கள் திரும்பி வருவதற்குள் பாலத்தைத் தூக்கிவிட்டோம். அகழிக்கும் எதிரி முகாமுக்கும் நடுவே, பனியில், இருபத்திரண்டு நாள் தாக்குப்பிடித்தார்கள். முதலில் புல்லைத் தின்றார்கள். பிறகு செருப்புத் தோலை.

என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. பகல் முழுக்கச் சுவரைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். எர்சாந்தின் கணவன் கில்பேர் என் வில்வீரன். அவன் கயிறு இறக்கப் பார்த்தான். கட்டிப் போட்டேன், கொல்லவில்லை. வில்வீரர்கள் குறைவாக இருந்தார்கள்.

அவள் கீழேயிருந்து கூப்பிடுவாள். "கோபேர் ஐயா! இந்தச் சுவத்துக்குக் கல்லு சுமந்தது யாரு? நீங்க திங்கிற ரொட்டி எங்க வயல்ல வெளஞ்சது. மெதுவா மென்னு தின்னுங்க. அடுத்த வருசம் உழ ஆளிருக்காது."

ஒரு வாரம் கூப்பிட்டாள். பிறகு கூப்பிடவில்லை.

ஜனவரிக் கடைசியில் பிரபுவின் ஆள் வந்தான். அன்செலின் மகளை என் பிரபு மணக்கிறாராம், சமாதானமாம். கதவைத் திறந்தோம். களஞ்சியத்தில் இன்னும் ஆறு வாரத் தானியம் மிச்சம். என் பிரபு திரும்பி வந்ததும் என் தோளைத் தட்டிப் பாராட்டினார்.

அன்செல் பிரபுவின் கடிதத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். வந்தது, உண்மைதான். அவர்களை வெளியேற்றியதற்கு முந்தின நாள். யார் வெளியே வந்தாலும் அம்புதான், ஒருவருக்கும் வழியில்லை என்று எழுதியிருந்தது. படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். தெரிந்திருந்தால் போயிருக்க மாட்டார்கள். இழுத்துத் தள்ள வேண்டி வந்திருக்கும், முற்றத்தில் வீணாக ரத்தம் சிந்தியிருக்கும். அதைத் தவிர்த்தேன்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள், பாதிரியாரே. என் காவலில் இருந்தவர்களில் ஒருவர்கூடப் பசியால் சாகவில்லை.