ஆடு தின்ற குணுக்கு

ஐம்பத்தாறு என்ற சீட்டாட்டத்தில் அரை நூற்றாண்டு பழுத்த அவைத் தலைவர் கேசவப் பணிக்கர் அவர்களே! சீட்டைக் கலைக்கும்போதே எதிராளியின் முகத்தைப் படித்துவிடும் மூத்தவர்களே! "ஒரே ஒரு கை ஆடிட்டு வந்துடறேன்" என்ற பொய்யைக் கல்யாண நாள் முதல் இன்றுவரை பொறுத்துக்கொண்டு, கப்பைக்கிழங்கும் மீன்கறியும் ஆறிப்போகக் காத்திருக்கும் தாய்மார்களே! படகுத்துறையில் நின்றபடியே காது கொடுக்கும் பெரியோர்களே! நெடுந்தோடு இளைஞர் மன்றத்தின், ஐம்பது வயதுக்குக் குறையாத இளைஞர்களே! செயலாளன் சாக்கோச்சன் தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

இந்தப் பருவத்துப் பந்தயத்துக்கு அணிகளின் பெயர்ப் பதிவு இந்தக் கூட்டத்தோடு முடிகிறது. அணிக்கு மூன்று பேர். என் அணியில் நானும் சோமனும் மட்டும்தான் பெயர் எழுதியிருக்கிறோம். மூன்றாவது இடத்துக்கு உரியவர், இருபத்தோரு ஆண்டுகள் என்னோடு ஆடிய ஔதக்குட்டி, அதோ கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஓராண்டாகச் சீட்டைத் தொடவில்லை. என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் இல்லாமல் எனக்கு எதற்குப் பந்தயம், எதற்குப் பரிசு, எதற்கு இந்த ஒலிபெருக்கி?

இருக்கட்டும். முதல் திருத்தம், பரிசு. இதுநாள்வரை என்ன கொடுத்தோம்? ஓர் ஆடு. எத்தனை பேருக்கு? மூன்று பேருக்கு. தலை யாருக்கு? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் எத்தனை அணிகள் உடைந்தன! தோற்றவர்கள் தோளில் கை போட்டுக்கொண்டு வீடு போனார்கள். வென்றவர்கள் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு போனார்கள். ஆகவே இனி ஆடு இல்லை. ஆளுக்கு ஒரு குக்கர்.

யாரது? "குக்கர் சரிடா சாக்கோ, உள்ள போட ஆடு எங்கடா?" நியாயமான கேள்வி சேட்டா. அதற்கு ஒரு துணைக்குழு போடுகிறோம். தாய்மார்கள் கை தட்டிவிட்டார்கள், தீர்மானம் நிறைவேறியது.

ஆனால் அன்பர்களே, ஆட்டை அகற்றியதற்கு மெய்யான காரணம் தலை அல்ல, காது.

போன ஆண்டு இறுதி ஆட்டம். நான் ஆர்ட்டினில் முப்பத்தாறு என்று ஏலம் கேட்டேன். கூட்டாளி ஆர்ட்டின் கேட்டால் அவன் கையில் ஆட்டத்தின் பெரிய சீட்டான ஆர்ட்டின் ஜாக்கி இருக்கிறது என்பது நமக்கு வேதவாக்கு. அதை நம்பி ஔதக்குட்டி நாற்பத்தெட்டு என்றார். தோற்றோம். தோற்றால் என்ன? கடைசியாகக் கேட்டவர் காதில் குணுக்கு. பலா இலையைச் சுருட்டி, ஈர்க்குச்சி குத்தி, அவர் காதில் தொங்கவிட்டார்கள். குணுக்கோடு அவர் செருப்பைத் தேடிக் குனிந்தார். செருப்பு எங்கே கிடந்தது? மேடைக் காலடியில். மேடைக் காலில் எது கட்டியிருந்தது? பரிசு ஆடு. ஆட்டுக்கு இந்த உலகத்தில் பலா இலையைவிடப் பிடித்தது ஏதாவது உண்டா?

மூன்று தையல்.

"எந்த நாய் கடிச்சது?" என்றார் டாக்டர். "ஆடு" என்றேன். "காதையா?" "இல்ல டாக்டர், குணுக்கை." அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு ஔதக்குட்டியைப் பார்த்து, "எந்தச் சீட்டை வச்சுக்கிட்டு நீங்க எவ்வளவு கேட்டீங்க?" என்றார். நம்ம ஊர் டாக்டர் அல்லவா!

மறுநாளே குவைத்திலிருந்து ஔதக்குட்டியின் மருமகன் கூப்பிட்டு, "அப்பச்சா, ஆடு எப்படி இருக்கு?" என்று விசாரித்தான். அதன் பிறகு அந்த மனிதருக்கு ஊரில் பெயரே இல்லை. படகில் ஏறினால் நாற்பத்தெட்டு, கள்ளுக்கடையில் நாற்பத்தெட்டு, குர்பானா பூசைக்குப் போனால் அங்கும் முணுமுணுப்பு நாற்பத்தெட்டு. பேராசைக்காரன் என்றது ஊர்.

ஆகவே இரண்டாம் திருத்தம். பலா இலைக்குத் தடை; இனி காகிதக் குணுக்கு. யார் கேட்டுத் தோற்றாலும் அணியின் மூன்று பேர் காதிலும் அது தொங்கும்.

என்ன ஏலிக்குட்டிச் சேச்சி, எழுந்துவிட்டீர்கள்? ஔதக்குட்டியின் வீட்டுக்காரி பேசட்டும், வழி விடுங்கள்.

"இத்தனை வருஷமா இல்லாத சட்டம் இப்ப எதுக்கு சாக்கோச்சா? அன்னிக்கு இவரு காதுல தொங்கினப்போ நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

சிரித்துக்கொண்டிருந்தேன், சேச்சி.

தலைவர் அவர்களே, பெரிய பெரிய எழுத்தில் எழுதி வந்த தாளை மடித்து வைக்கிறேன். அன்று என் கையில் ஆர்ட்டின் ஜாக்கி இல்லை. இருந்தது டைமண்ட் ஜாக்கி. இரண்டும் சிவப்பு. கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு, வெட்கத்தில் வெளியே சொல்லாமல் ஆடினேன். என் ஒரு சொல்லை நம்பித்தான் அவர் நாற்பத்தெட்டு கேட்டார். ஊர் அவரைப் பேராசைக்காரன் என்றபோது, "ஆமாம், கொஞ்சம் அவசரப்பட்டுட்டான்" என்று நானும் சொன்னேன். சொன்னேன் ஐயா, இந்த வாயால்தான் சொன்னேன்! இன்று இந்தச் சட்டத்தை ஏன் எழுதினேன்? என் குற்றத்தையும் ஆட்டைப் போல மூன்று பங்கு போட்டுவிடலாம் என்றுதான். அதைத் திரும்பப் பெறுகிறேன். தவறாகக் கேட்டவன் எவனோ, அவன் காதில் மட்டும் குணுக்கு. ஔதா, என்னை மன்னிச்சிடு.

யாரும் சிரிக்க வேண்டாம். அவர் எழுந்துவிட்டார். வாசல் பக்கம் போகவில்லை, இந்தப் பக்கம்தான் வருகிறார். வா ஔதா, இப்படி வா.

"இன்னிக்காவது கண்ணாடி கொண்டு வந்தியா?"

இல்ல.

"அப்ப என் பேரை நீ எழுதாத. வேற எவன் அணியிலயாவது எழுதி வச்சிடுவே. நோட்டைக் குடு."

எழுதுகிறார், நெடுந்தோட்டு மக்களே! என் பெயருக்குக் கீழே தன் கையாலேயே எழுதுகிறார். பெயர்ப் பதிவு இத்தோடு முடிந்தது. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், கேட்க வேண்டியதைக் கேட்ட ஏலிக்குட்டிச் சேச்சிக்கும் என் நன்றி. வணக்கம்.