ஒத்துக்காத மோடம்

மேல சுத்தற ஃபேன அப்புறம் பாத்துக்கலாம்டா பிலவேந்திரா, இப்ப இத்த பாரு. கட்டிலாண்டயே ஸ்டூலு போட்டு மானிட்டர வச்சிட்டேன், நீ தலகூட திருப்ப வேணாம். தெரியுதா? ம்.

அதே கரியமாணிக்கத்து ரைஸ்மில்லு கம்ப்யூட்டரு பொட்டிதான். அதே பழைய விண்டோஸ் எக்ஸ்பி. மூட்ட எட போட்டு சீட்டு அடிக்கிற புரோகிராமு இதுலதான் ஓடும், புது விண்டோஸ்ல மூச்சு வுடாது. எழுதிக் குடுத்தவன் எப்பவோ கடைய மூடிட்டுப் போயிட்டான். மில்லு ஓனரு மணவாளனுக்கு இப்ப நெட்டு வேணுமாம். அங்க கேபிளும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. அதுக்குத்தான் இந்த டாங்கிளு, சிம்மு போட்ட மோடம். அட்டப்பொட்டியில ஏழு, எட்டு, பத்துன்னு எல்லா விண்டோஸ் பேரும் போட்டிருக்கான், எக்ஸ்பி பேரு மட்டும் இல்ல. கழுதைக்கு வாக்கப்பட்டாச்சி, ஒதைக்கு பயந்தா ஆவுமா?

இன்னா அப்டி பாக்குற? கல்லாவுல குந்திக்கினு டீ வாங்கியாரச் சொல்ற குமரவேலு, இவன் எப்ப ஸ்குரூ டிரைவரு புடிச்சான்னா? புடிச்சிட்டேன்டா. நீ இப்டி நீட்டிப் படுத்துக்கினா நம்ம மூலக்குளம் கம்ப்யூட்டர் கடைய யாரு பாக்கறது, உங்க பங்குச் சாமியாரா?

ஏம்மா கிரேஸு, கஞ்சி கொஞ்சம் ஆறட்டும்மா. உன் புருஷனுக்கு இப்ப வேல இருக்குது.

சிரிக்காத. ஸ்ட்ரோக்கு வந்து வாயக் கட்டிச்சி, கைகாலக் கட்டிச்சி, இந்த ஒத்த ஆள்காட்டி வெரல மட்டும் மறந்துட்டுப் போச்சி. அந்த வெரல வச்சிக்கினே என்ன வறுத்து எடுக்கறியே, உனக்கெல்லாம் ரெண்டு கையும் இருந்தா நாடு தாங்குமா? நான் ஒண்ணு தப்பா அமுக்கிடக் கூடாது, கட்டில் கம்பியில டக்கு டக்குன்னு. வாத்தியாரு பெரம்பு தோத்துது போ.

சரி, குத்திட்டேன். பாரு, மோடம்னு காட்டல, சிடி டிரைவுன்னு காட்டுது. வேஷம் கட்டிக்கினு வந்திருக்குது. நீ சொல்லுவியே, கூத்தாடிய அரிதாரத்தோட பொண்ணு பாக்க இட்டுக்கினு போறாப்லன்னு. மொதல்ல மூஞ்சக் கழுவி வுடணும். கழுவிட்டேன், சிடி வேஷம் கலைஞ்சிது. இப்ப டிரைவர் ஃபைல நோட்பேடுல தொறந்து, இந்த மோடத்தோட நம்பர நாமளே உள்ள எழுதணும். எழுதிட்டா எக்ஸ்பி இது நம்ம ஆளுதான்னு நம்பிக்கும். முன்னபின்ன தெரியாதவன மாமன் மொறைன்னு சொல்லி பந்தியில குந்த வைக்கறாப்ல.

எழுதறேன், பாத்துக்கோ. ஒம்போது... இல்ல, ஆறு. ஆறுன்னு போடறேன்.

ஆறுன்னு போட்டுட்டேன்டா.

கண்ணாடி வேணுமா? தோ, போட்டு வுடறேன். இப்ப பாரு, அட்டையில ஒம்போதுன்னு இருக்குது, நான் ஆறுன்னு போட்டிருக்கேன்.

சரி, அத்த வுடு. அது பொடி எழுத்து, எனக்கே தெரியல. நானே திருத்திக்கறேன். டயல் பண்ற நம்பருக்கு வருவோம். ஸ்டார், தொண்ணுத்தெட்டு, ஹாஷ். தொண்ணுத்தெட்டுதான? போன வாரம் இத்த தொண்ணுத்தொம்போதுன்னு திருத்தச் சொல்லி ஒரு தட்டு தட்டின பாரு, பக்கத்து வூட்டு அருள்தாஸ் அண்ணன் யாரோ கதவ இடிக்கறாங்கன்னு எழுந்து வந்து பாத்தாரு. இன்னிக்கி தொண்ணுத்தெட்டு உனக்குப் புடிச்சிப் போச்சா?

டேய். ஃபேன பாக்காதடா.

அசதியா? ராத்திரி தூங்கலன்னு தங்கச்சி கிரேஸு சொல்லிச்சி. அதான். ஒண்ணும் இல்ல, அசதிதான்.

உனக்கு ஒண்ணு சொல்லட்டா? கோவிச்சிக்காத. மணவாளன் எப்பவோ புதுப் பொட்டி வாங்கிட்டாரு. புரோகிராமும் வேற போட்டாச்சி. இத்த பழைய இரும்புக்குப் போட்டுடுன்னாரு, நான்தான் கேட்டு வாங்கியாந்தேன். இந்த மோடமும் மொத நாளே ஓடிடிச்சிடா. கடையில வச்சி நான் ஒருத்தனே ஓட்டினேன், பச்ச லைட்டு எரிஞ்சிது. கால் தரையில நிக்கல. உங்கிட்ட காட்டணும்னு வண்டியில கட்டிக்கினு ஓடியாந்தேன். இங்க வந்து மறுபடி போடறப்ப கைதவறி வேற போர்ட்ட அமுக்கிட்டேன். நீ தட்டின.

படுத்ததுலேர்ந்து அதான் மொத தட்டு. தங்கச்சி கரண்டியோட ஓடியாந்து அப்டியே தரையில குந்திக்கிச்சி. டாக்டரு பேரு சொல்லிக் கூப்ட்டாரு, நீ அசையல. சாமியாரு நெத்தியில கை வச்சி ஜெபம் பண்ணாரு, அசையல. நல்லவிதமா கூப்ட்டா நீ எங்கடா வந்திருக்க? நான் தப்பு பண்ணா வர்ற. அதான் தெனம் கடையில எல்லாத்தையும் அழிச்சிட்டு இங்க தூக்கியாறேன். புதுசு புதுசா என்ன தப்பு பண்ணலாம்னு வண்டியில வர்றப்பவே யோசிச்சிக்கினு வரேன்.

நேத்து லேசாத்தான் தட்டின. எனக்கு மட்டும்தான் கேட்டுது.

இன்னாம்மா கிரேஸு? இல்லம்மா, இன்னும் ஆவல. நல்லாத்தான் சொல்லிக் குடுக்கறான், எனக்குத்தான் மண்டையில ஏறல. நீ வராத, அங்கியே இரு. கூப்புடறேன்.

டேய், இத்த பாரு. எல்லாத்தையும் அழிச்சிட்டேன். டிரைவரே போடல. சிம்மக்கூட கழட்டி சட்டப்பையில வச்சிட்டேன். இப்ப டயல் பண்ணப் போறேன். இந்தத் தப்ப எந்தக் கூமுட்டையும் பண்ண மாட்டான்டா. பண்றேன், பாரு, அமுக்கறேன்... இதுக்குக்கூடவா பேசாம இருப்ப?