ராக்கம்மாவின் பெருவிரல்

பழைய புத்தகங்களுக்கு மனிதரைவிடப் பூச்சிதான் மோசம். உப்புக்காற்று அதற்கும் மேல். அதனால்தான் பதிவு அறையின் யன்னல்களை நான் திறக்க விடுவதில்லை. மாதத்துக்கு ஒரு தடவை மருந்துப் புகை போட்டுக் கதவைப் பூட்டுவேன். நாற்பது வருடம் இதுதான் வேலை. ஓய்வு தந்த பிறகும் கதவுத் திறப்பை என்னிடமே விட்டிருந்தார்கள். படித்தது மூன்றாம் வகுப்பு.

சிவராணி என்ற அந்தப் பெண் இலுப்பைக்கடவையில் இருந்து வந்தாள். இந்தியாவில் அகதி முகாமில் இருந்து திரும்பிய குடும்பம். பிறப்பு, விவாகம், இறப்பு என்று மூன்று நாள் புத்தகம் புத்தகமாகப் புரட்டினாள்.

"என்ரை அப்பப்பான்ரை தகப்பன் ஹென்றி துரையாம், ஐயா. சுங்கத்திலை இருந்தவராம்."

"உன்ரை நிறத்தைப் பார்த்தால், துரை நல்லாய் வெயிலிலை காய்ஞ்சிருக்கிறார்" என்றேன்.

சிரித்தாள். "ஓலைத்தொடுவாயிலை அவரின்ரை தென்னங்காணி கிடக்காம். அது கிடைச்சால் நாங்கள் கொட்டிலை விட்டு எழும்பலாம்."

அந்தக் காணியில் இருப்பது நான். என் பாட்டன் துரைக்குச் சமைத்தவர். துரை செத்ததும் அவரோடு வாழ்ந்த ராக்கம்மாவைப் பிள்ளையோடு அனுப்பிவிட்டு, துரைக்குக் கலியாணமே இல்லை என்று சொல்லித்தான் காணியை எடுத்தார். பொய்யென்று எனக்குத் தெரியும். எனக்கு முதல் இங்கே காவலிருந்த என் தகப்பன் அந்த விவாகப் பக்கத்தைக் காட்டியிருக்கிறார். துரையின் இங்கிலிசுக் கையெழுத்து, பக்கத்தில் ராக்கம்மாவின் பெருவிரல். வாசிக்கத் தெரியாதவனும் கண்டுபிடிப்பான்.

கிழித்திருக்கலாமே என்பீர்கள். அரசாங்கத்தின் புத்தகம், ஐயா. அதில் கைவைக்கிற ஆள் நானில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம், உத்தியோகத்தர்கள் சாப்பிடப் போன நேரம், அவள் கூப்பிட்டாள்.

"கண்டிட்டன், ஐயா. இஞ்சை வந்து பாருங்கோ. எங்கட ஆச்சியைத் துரை முறையாய்க் கட்டினவர்தான்." கண்ணைத் துடைத்தாள். பெரிய உத்தியோகத்தர் வந்ததும் பிரதி எடுக்க வேண்டும் என்றாள்.

"இரு பிள்ளை, இப்ப வந்திடுவார்."

அன்று புகை போடும் நாளல்ல. கடைசி அலுமாரிக்குப் பின்னால் மருந்தை மூன்று மடங்கு வைத்தேன். கதவைப் பூட்டினேன். வாசற்படியில் நின்ற தெருக்கழுதைகளைக் கலைத்தேன். "ஐயா, நான் உள்ளுக்கு நிக்கிறன்" என்று தட்டினாள். மறந்துபோய்ப் பூட்டிவிட்டேன் என்று நினைத்திருப்பாள். தட்டல் கனநேரம் நீடிக்கவில்லை.

திறந்தபோது புத்தகம் அவள் உடலுக்குக் கீழே கிடந்தது. எடுத்துத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். போய்ப் பாருங்கள். ஒரு தாள்கூடக் குறையாது.