வெள்ளைத் துணி

நெமிலிச்சேரியில் ரயில் கிளம்பியபோது பனி இன்னும் விலகவில்லை. வெளியே வீடுகளும் மரங்களும் தண்ணீருக்குள் நிற்பது போலத் தெரிந்தன. எதிர் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவர் மடியில் ஒரு மெழுகுவத்திப் பாக்கெட்.

"செவ்வாக்கெழமைன்னா அந்தோணியார் கோயில்தான். ஆஸ்பத்திரில எனக்கு அன்னிக்கு லீவு. பத்து வருசமா ஒரு வாரம் உட்டதில்ல," என்றார்.

இளையவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அமெரிக்கால இன்னா சட்டம் கொண்டாறாங்க பாருக்கா. கருவைக் கலைச்சா, அதைப் பொதைக்கணும், இல்ல எரிக்கணுமாம்."

"இங்க மஞ்சப் பையில போட்டுக் கட்டிருவோம். வண்டி வந்து எடுத்துனு போய் எரிச்சிரும். நான் மட்டும் மொதல்ல வெள்ளத் துணில சுத்துவேன். அப்பறந்தான் பை."

"அப்டி சுத்தச் சொல்லிக் கீறாங்களா?"

"யாரும் சொல்லல. மனசு கேக்காது."

"மத்தவங்க?"

"அப்டியே போட்டுருவாங்க."

பட்டாபிராமில் நின்ற ரயில், தூங்குபவர்களை எழுப்பிவிடக் கூடாது என்பது போல மெல்ல நகர்ந்தது. இளையவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"போன வருசம் உங்க ஆஸ்பத்திரிலதாங்கா நானும் கலைச்சேன். யாராண்டயும் சொல்லல. ரெண்டு புள்ள போதும்னு நானேதான் முடிவு பண்ணேன், அதுல வருத்தம் இல்ல. அது எப்டிப் போச்சோன்னுதான் அப்பப்ப தோணும்."

மூத்தவர் அவளைப் பார்த்தார். "இன்னா கெழமை?"

"செவ்வா."

மூத்தவர் மெழுகுவத்திப் பாக்கெட்டை எடுத்துப் பைக்குள் வைத்து மூடினார்.

"அன்னிக்கு நான்தான் டூட்டி," என்றார். "நான்தான் சுத்தினேன்."