ராடு ஓவனில் என் டிபன் டப்பா

தீயையும் தீப்பொறியையும் தினம் மேய்க்கும் இந்தத் தொழிற்கூடத்தின் தலைவர் அவர்களே! சுத்தியல் பிடித்துக் கைகாய்த்த பெரியவர்களே! எங்களை வேலைக்கு அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்தே வாழும் தாய்மார்களே! "சீக்கிரம் முடிங்க, டீ ஆறுது!" என்று கடைசி வரிசையில் கத்தும் அன்பரே! அனைவருக்கும் இந்த வெல்டரின் வணக்கம்.

பாதுகாப்பு நாளில் பேச அழைத்தீர்கள். நானோ குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன்!

எஃகை உடைப்பது எது? சம்மட்டியா? சுமையா? இல்லை ஐயா! காற்றைவிட இலேசான ஹைட்ரஜன்! ஈரத்தோடு ஒட்டிப் பிறந்தது அது. ஈரம்பட்ட ராடால், அதாவது நாம் உருக்கி ஒட்டும் பற்றுக்கம்பியால், வெல்டிங் செய்தால், உருகிய எஃகுக்குள் ஓசையின்றி நுழையும், உள்ளேயே ஒளிந்திருக்கும், உறுதியை உறிஞ்சும், ஓரிரு நாள் கழித்து விரிசல் விடும். அதனால்தான் ராடுகளைச் சூட்டில் உலர்த்தி வைக்க ஓவன்.

அந்த ஓவனில் நான் என்ன வைத்தேன்? டிபன் டப்பா! சிரிக்காதீர்கள், உங்களில் யார் யார் வைத்தீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். மூன்று வாரம் சுடச்சுடச் சாப்பிட்டேன். டப்பாவின் ஆவியை ராடு குடித்தது!

அந்த ராடால்தான் கிரேனில் சுமை மாட்டும் தடித்த வளையத்தைப் பற்றவைத்தேன். பார்க்கப் பளிங்கு! சோதனை அதிகாரியிடம் ஓடினேன். 'பொறுங்கக்கா' என்று நாம் கேலி செய்கிறோமே, அவரேதான்.

"அக்கா, இன்னைக்கே பாத்துக் கையெழுத்துப் போடுங்க."

"பொறுங்க தம்பி. ரெண்டு நாள் ஆகட்டும்."

"இது வெல்டிங்கா, முட்டையா? பொரியட்டும்னு காத்திருக்க?"

கூடமே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் பொரிந்தே விட்டது! அவர் கருவியை வைத்ததும் திரையில் கோடு துள்ளியது. வெளியே பளபளப்பு, உள்ளே விரல் நீளத்துக்கு விரிசல்!

"நாளைக்கு இதுக்குக் கீழ நிக்கப்போறது யாரு?" என்று கேட்டார்.

சுவரிலிருந்த வேலைப் பட்டியலைப் பார்த்தேன். என் கூடப்பிறந்த தம்பி! அதோ, டீ ஆறுது என்று கத்துகிறானே, அவனேதான்!

கத்துடா தம்பி, நன்றாகக் கத்து! நீ கத்துவதைக் கேட்க எனக்குக் கொடுத்து வைத்திருக்கிறது.

அவசரப்பட்ட என்னை நிறுத்திய அக்காவுக்கு இந்த மேடையில் கைகூப்புகிறேன். இனி ஓவன் ராடுக்கு, ஆறிய சோறு எனக்கு! பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி, வணக்கம். வாடா, டீ குடிக்கலாம்.